வெளியிலிருந்து பார்த்துச் சொல்லுங்கள்

நான் செய்த பிழையை மஞ்சுநாத் தலையில் கட்டினேன். இருபது ஆண்டுகளாகச் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்துவிட்டேன். நேராகச் சொன்னால் இவ்வளவுதான்.

ஐம்பது வயதை நெருங்கும்போது வேலூரை விட்டுப் பெங்களூர் போனவன் நான். பொம்மனஹள்ளியில், பிறருடைய இணையதளங்களைத் தன் சர்வர்களில் வைத்துப் பராமரிக்கும் சிறு நிறுவனத்தில் வேலை. முதல் நாள் வாசல் காவலர் "ஊட்டா ஆய்த்தா?" என்றார். சாப்பிடக் கூப்பிடுகிறார் என்று நினைத்து, "இன்னும் இல்லை" என்று அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டேன். இங்கே அது 'சௌக்கியமா' என்பது போலத்தான் என்று விளக்கி என்னை உள்ளே இழுத்துப் போனவர் மஞ்சுநாத். ஹாசன் பக்கத்துக்காரர், என்னைவிட இருபது வயது இளையவர். லிங்கராஜபுரத்தில் எனக்கு வீடு கிடைத்ததும் அவரால்தான். வேலூரில் வாடகைக்குக் கேட்டால் முதலில் குலம் கோத்திரம் விசாரிப்பார்கள். இந்த வீட்டு அம்மாவோ, "இவருக்கு நான் ஜவாப்தாரி" என்று மஞ்சுநாத் சொன்ன ஒரு வார்த்தைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை, கல்யாண மண்டபம் பதிவு செய்யும் தளம் ஒன்றைப் புதிய சர்வருக்கு மாற்றினேன். வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு வழிகாட்டுவது ரவுட்டர். அதில் பழைய சர்வரின் முகவரியை மாற்ற மறந்துவிட்டேன். அலுவலகக் கணினிகள் அந்த வழியைத் தொடாமல் நேரே சர்வருக்குப் போய்விடும். ஆகையால் என் மேஜையில் தளம் அழகாகத் திறந்தது. மண்டபக்காரர் சனிக்கிழமை முழுக்கத் தொலைபேசியில் கத்தினார். "முகூர்த்த மாசம் சார்! பொண்ணு வீட்டுக்காரங்க எதிர்ல உக்காந்திருக்காங்க, ஸ்க்ரீன் வெள்ளையா நிக்குது!" இங்கே திறக்கிறதே, உங்கள் கணினியைப் பாருங்கள் என்று மூன்று முறை கண்டிப்பாகச் சொன்னேன். ஞாயிறன்று ஜீவனஹள்ளியில் தங்கை வீட்டுக் கணினியில் பார்த்தேன், திறக்கவில்லை. ட்ரேஸ்ரூட் போட்டேன். தகவல் போகிற வழியை அது வரிவரியாகக் காட்டிக்கொண்டே வந்தது. எங்கள் ரவுட்டர் வரை சரி. அதற்கு மேல் பதில் இல்லை, வெறும் நட்சத்திரக் குறிகள்.

திங்கள் காலை ஓசைப்படாமல் திருத்தினேன். ரவுட்டருக்குள் எல்லாரும் ஒரே பெயரில், ஒரே கடவுச்சொல்லில் நுழைவதுதான் எங்கள் வழக்கம். எது யார் கைவேலை என்று கண்டுபிடிக்க முடியாது. முதலாளி கேட்டபோது, "வெள்ளிக்கிழமை ஷிஃப்டில் மஞ்சுநாத் இருந்தார்" என்றேன். இருந்தார்தான், தொடவில்லை. அவர் வேலை நிரந்தரமாக வேண்டிய மாதம் அது. அதை நிறுத்தி வைத்து, அவரைத் தொலைபேசிக்குப் பதில் சொல்லும் நாற்காலிக்கு மாற்றினார்கள். "எனக்கே ஞாபகமில்ல சார், தொட்டிருப்பேனோ என்னவோ" என்று என்னிடமே வந்து சொன்னார்.

நான்கு மாதம் கழித்து, நடந்ததையெல்லாம் எழுதி முதலாளிக்கும் மற்ற எல்லாருக்கும் அனுப்பினேன். மஞ்சுநாத்தின் வேலை நிரந்தரமானது. ரவுட்டர் அவர் கைக்குப் போனது, தொலைபேசி நாற்காலி எனக்கு வந்தது. மன்னிப்புக் கேட்கப் போனேன்.

"விடுங்க சார், ஆய்த்து. ஆனா ஒண்ணு. இனிமே உங்க டேபிள்ல திறக்குதுன்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். எறங்கிப் போய், ரோட்டுக்கு அந்தப் பக்கம் பிரவுசிங் சென்டர்ல பாத்துட்டுச் சொல்லுங்க."

"தினமுமா?"

"தினமும்தான். தொப்பையும் கொறையும்ல."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அவர் மட்டும் சிரிக்கவில்லை. பண்டிகைக்கு எங்கள் வீட்டுக்கு வருவதையும் அவர் நிறுத்திவிட்டார்.

ஓய்வு பெறும்வரை தினமும் இறங்கினேன். தொப்பை கொஞ்சம் குறையவும் செய்தது. பிரவுசிங் சென்டர் பஸ் நிறுத்தத்தை ஒட்டி இருந்தது. பார்த்துவிட்டு வெளியே வந்து, செல்பேசியில் "திறக்குது" என்பேன். "சரி சார்" என்பார் மஞ்சுநாத், அவ்வளவுதான். எதிரே ஒசூர் பஸ் நிற்கும். என் முகத்தைப் பார்த்தே நடத்துனர், "ஒசூரா அண்ணா? ஏறுங்க, சீட் இருக்கு" என்று தமிழில் கூப்பிடுவார். நான் கன்னடத்தில் "பேடப்பா" என்று மறுத்துவிட்டு, ரோட்டைக் கடக்கக் காத்து நிற்பேன்.