ஊறுகாய்ப் போத்தல்

என் மாமா தண்ணீர் குடிக்கப் பயந்தவர். அம்மாவின் அண்ணன். ஜெர்மனியின் ஹம் நகரில் எங்கள் வீட்டு வரவேற்பறைச் சோபாதான் அவருடைய நிரந்தர விலாசம். மற்ற நேரமெல்லாம் லொறிக்குள்தான் சீவியம். தக்காளி ஏற்ற ஸ்பெயினுக்குப் போவார், தளபாடம் ஏற்றப் போலந்துக்குப் போவார். சனிக்கிழமை வந்து சப்பாத்தைக் கழற்றினால் கால் இரண்டும் வீங்கி, காலுறையின் வரி கணுக்காலில் பள்ளமாகப் பதிந்திருக்கும். நான் அந்த வீக்கத்தை விரலால் அமுக்குவேன். அமுக்கிய இடம் குழியாகவே நிற்கும். எனக்கு அது நல்ல விளையாட்டு.

"போதும் பிள்ளை, மாமா என்ன குழைச்ச மாவே?" என்பார்.

தண்ணீர்ப் பயத்துக்கு அவரிடம் காரணம் இருந்தது. குடித்தால் ஒண்டுக்கு வரும். வந்தால் லொறியை நிறுத்த வேண்டும். ஆட்டோபான் நெடுஞ்சாலை ஓரத்தில் லொறி நிறுத்த இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. ஆகவே நாக்கை மட்டும் நனைத்துக்கொண்டு, அடக்கி அடக்கி ஓடுவார். பசிக்குப் பெற்றோல் நிலையத்துப் பணிஸ், நித்திரையை விரட்டக் கோலா, இடுப்பு வலிக்கு முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை. இவ்வளவும் போதாதென்று சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வேறு.

அதைக் கண்டுபிடித்தவர் அம்மா. அம்மாவுக்கு முதியோர் இல்லமொன்றில் பராமரிப்பு வேலை. ஒருநாள் சீனி பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்து, மறுக்க மறுக்க மாமாவின் விரலைப் பிடித்துக் குத்திப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சத்தம் போட்டார்.

"அண்ணை, உங்களுக்கு விசரே? இந்தச் சீனியோட எப்பிடி லொறி ஓடுறியள்?"

"இருந்துகொண்டுதானே ஓடுறன்" என்றார் மாமா.

டொக்டரிடம் போகச் சொன்னால் மட்டும் அவருடைய பகிடி நின்றுவிடும். போனால் பதிந்துவிடுவார்கள், பதிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்பது அவருடைய பயம். அவர் ஜெர்மனிக்கு வந்த நாளிலிருந்து பல வருடம் உணவகங்களில் கோப்பை கழுவியவர். லொறி லைசென்ஸ் கையில் கிடைத்த அன்றுதான் தான் மனிசனானதாகச் சொல்வார். அது போனால் திரும்பவும் கழுவுதொட்டிதான். பாவற்காயை அரைத்துக் குடித்துக்கொண்டு நாட்களைக் கடத்தினார்.

எனக்கு அப்போது எட்டு வயது. அந்த இலையுதிர் காலத்தில் நான் மாமாவுக்கு நேரெதிராக ஆகியிருந்தேன். குழாயைத் திறந்துவிட்டு அதிலேயே வாயை வைத்துக் குடிப்பேன். குடித்த கையோடு கழிவறைக்கு ஓடுவேன். எப்போதோ விட்டுப்போயிருந்த பழக்கமாகப் படுக்கையும் நனையத் தொடங்கியது. ஆளும் மெலிந்துபோனேன். "உயரம் போடுறாள்" என்று சொல்லி அம்மா என் காற்சட்டை இடுப்பைச் சுருக்கி ஊசி குத்திவிட்டார். மாமாவுக்கோ வாய் சும்மா இராது. "இவளைக் கட்டப்போறவன் பாவம். ஆட்டோபானில ஒவ்வொரு பார்க்கிங்கிலயும் நிப்பாட்டோணும்" என்பார். வீடே சிரிக்கும். நானும்தான் சிரித்தேன்.

மாமாவுக்கு ஐம்பது வயது வந்தது. அந்த வயதில் லொறி ஓட்டுகிறவர்கள் டொக்டரிடம் உடம்பைக் காட்டித்தான் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். கண், காது, இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். சலத்தையும், அதாவது சிறுநீரையும், பார்ப்பார்கள். அதற்கு டொக்டர் குறித்துக் கொடுத்த டெர்மின் நாள் என்னுடைய பள்ளி விடுமுறைக்குள் வந்து விழுந்தது. அம்மாவும் அப்பாவும் காலை வேலைக்குப் போய்விட்டார்கள். என்னைப் பார்த்துக்கொள்வது மாமாவின் பொறுப்பு.

குசினிக்குள் கூப்பிட்டார். முகத்தில் வழக்கமான பகிடி இல்லை.

"மருமோளே, உனக்கு ஒண்டுக்கு வருதோ?"

என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே தேவையில்லை.

"அப்ப மாமாவுக்குக் கொஞ்சம் தா."

மாமாவின் சலத்தில் சீனி இருக்கிறதாம். பச்சைப் பிள்ளையினுடையதில் ஒன்றும் இராதாம். டொக்டர் அதைப் பார்த்துவிட்டு, சரி, லொறி ஓடு என்று விட்டுவிடுவாராம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. பெரிய மனிதர் ஒருவருக்கு வேண்டியது என்னிடம் இருக்கிறதே!

"அம்மாவுக்குச் சொல்லலாமோ?"

"அம்மாவுக்குத்தான் முதல்ல சொல்லக்கூடாது."

போத்தல் தேடும் வேலை ஆரம்பித்தது. நான் ஒரு ஜாம் போத்தலை நீட்டினேன். மாமா பதறிப்போய் வாங்கி அப்பால் வைத்தார். "எவ்வளவு கழுவினாலும் அதில சீனி ஒட்டிக்கொண்டிருக்கும். பிறகு என்ர கதை அம்போதான்." கடைசியில் தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தல் ஒன்று அகப்பட்டது. வெந்நீர் விட்டுக் கழுவினார், மணந்து பார்த்தார், என்னையும் மணக்க வைத்தார்.

"இன்னும் ஊறுகாய் மணக்குது மாமா."

"பரவாயில்லை. உப்பையும் உறைப்பையும் அவை பாக்கிறேல்லை."

நான் கழுத்துமட்டும் நிரப்பிக் கொடுத்தேன். அதைக் கம்பளிச் சால்வையில் சுற்றி, சூடு ஆறாமல் ஜாக்கெட்டுக்குள் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பஸ் தரிப்பிடத்துக்கு நடக்கும்போது குளிர் காற்று அடித்தது; அவருடைய நெற்றி மட்டும் வியர்த்திருந்தது. பிடிபட்டால் என்ன நடக்கும் என்று கேட்டேன்.

"பிடிபட்டா மாமாவுக்கு லொறி இல்லை. ஆர் என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு. ஆர் கேட்டாலும். விளங்கிச்சோ?"

விளங்கியது. நன்றாக விளங்கியதுதான் கோளாறாகப் போய்விட்டது.

டொக்டரின் இடத்தில் ஒரு தாதி மாமாவிடம் பிளாஸ்டிக் குவளையைக் கொடுத்துக் கழிவறையைக் காட்டினார். உள்ளே போன மாமா குவளையோடு வெளியே வந்து, என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு டொக்டரின் அறைக்குப் போனார். காத்திருக்கும் அறையில் நானும் ஒரு கிழவியும்தான் இருந்தோம். மூலையில் தண்ணீர் மெஷின் ஒன்று இருந்தது. வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. பயத்தில்தான் அப்படி என்று நினைத்துக் குடித்தேன். திரும்பவும் குடித்தேன். எதிரே இருந்த கிழவி என்னையே பார்த்தாள்.

பிறகு நடக்க வேண்டியது நடந்தது. ஒண்டுக்கு முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கழிவறைக்குள் நுழைய எனக்குத் தைரியம் வரவில்லை. மாமா களவு செய்த இடம் அல்லவா அது? உள்ளே இன்னும் ஊறுகாய் மணக்கும், நான் போனால் எல்லாம் வெளிப்பட்டுவிடும் என்று காலை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் அறைக்குள் நடந்ததைப் பிற்காலத்தில் அம்மா சொல்லித்தான் அறிந்தேன். சலத்தில் நனைத்த கடதாசித் துண்டைப் பார்த்த டொக்டர் மாமாவை ஏற இறங்கப் பார்த்தாராம். அவ்வளவு சீனி. அதோடு உடம்பு சீனியைப் பயன்படுத்த முடியாமல் தன் கொழுப்பையே எரிக்கிறது என்பதற்கான அடையாளமும் இருந்திருக்கிறது. உடனே மாமாவின் விரலில் குத்திப் பார்த்தால், அங்கே சீனி கொஞ்சம்தான் கூடுதலாக இருந்தது. இந்தச் சோதனைக்காகக் கிடந்த பல நாள் பட்டினியும் பாவற்காய்ச் சாறும் வேலை செய்திருந்தன. இரண்டும் ஒரே ஆளுடையதாக இருக்க முடியாதே, கடதாசியில்தான் பிழையோ, எதற்கும் இன்னொரு முறை சலம் தாருங்கள் என்றாராம் டொக்டர்.

மாமா தப்பிக்க அது போதும். போத்தலில் ஏதோ ஒட்டியிருந்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, தன்னுடையதைக் கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். ஆனால் சீனி வருத்தம் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியும். குழாயடியில் நான் நின்ற நிற்பும், ஈரப் படுக்கையும், காற்சட்டை ஊசியும், தான் அடித்த பகிடிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நினைவுக்கு வந்தனவாம். தெரிந்த ஜெர்மன் எல்லாம் மறந்துபோய், "நிக்ஸ் மைன். கிண்ட். ட்ரௌசன்" என்றாராம். என்னுடையது இல்லை. பிள்ளை. வெளியே.

கதவு திறந்தது. டொக்டரும் மாமாவும் தாதியும் என்னை நோக்கி வந்தார்கள். பிடிபட்டுவிட்டோம் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. டொக்டர் நல்ல மாதிரி. என் முன்னால் முழந்தாளிட்டு, நிறையத் தண்ணீர் குடிக்கிறாயா, களைப்பாக இருக்கிறதா என்று மெல்லக் கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்றேன். ஒரு குவளையை நீட்டி, கொஞ்சம் தருவாயா என்றார். வரவில்லை என்றேன். வயிறு வெடிக்கும்போல இருந்தது. கொடுத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கைரேகையை ஒப்பிடுவதுபோல ஒப்பிட்டுவிடுவார்கள் என்பது என் கணக்கு.

"குடு பிள்ளை" என்றார் மாமா. "நான் எல்லாம் சொல்லிப்போட்டன்."

யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லச் சொன்னவர் அவர்தானே? அவரை மிரட்டித்தான் இப்படிக் கேட்க வைக்கிறார்கள் என்று நினைத்து வாயை இறுக மூடிக்கொண்டேன். டொக்டர் குவளையை வைத்துவிட்டு என் விரலைப் பிடித்துக் குத்தினார். மெஷினைப் பார்த்தார். திரும்பித் தாதியிடம் ஏதோ சொன்னார். தாதி தொலைபேசிக்கு ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்த பயத்தில், அடக்கி வைத்திருந்ததெல்லாம் கதிரையிலேயே போய்விட்டது. மாமாவைக் காட்டிக் கொடுத்துவிட்டேன் என்று வீரிட்டு அழுதேன். அவர் தன் ஜாக்கெட்டைக் கழற்றி என்னைச் சுற்றித் தூக்கிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் கையில் சேலைன் ஏறியது. அம்மா வேலை உடுப்போடு ஓடி வந்தார். மாமாவின் சட்டையைப் பிடித்து உலுப்பினார். பிறகு அதே சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். என் உடம்பில் இன்சுலின் சுரப்பது நின்றுபோயிருந்தது. இன்னும் ஓரிரு நாள் விட்டிருந்தால் பிள்ளை மயங்கியிருக்கும், பிறகு எழும்பியிருக்குமோ தெரியாது என்று சொன்னார்களாம். முதியோர் இல்லத்தில் தினமும் இன்சுலின் ஊசியைக் காண்கிற தனக்கு இது தெரியாமல் போயிற்றே என்று அம்மா இன்றைக்கும் கண் கலங்குவார். எங்கள் வீட்டில் சீனி என்றால் அது மாமாவின் சொத்து. பிள்ளைக்கும் வரும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

மாமாவுக்கு அன்று லைசென்ஸ் கிடைக்கவில்லை. முதலில் வருத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவா, பிறகு பார்க்கலாம் என்று டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார். அவர் திரும்ப லொறி ஏற அடுத்த கோடைகாலம் ஆகியது. அதுவரை ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார்.

இதில் எதையும் எனக்கு யாரும் விளங்கும்படி சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள், நான்தான் என் பாட்டில் விளங்கிக்கொண்டேன். என்னுடையது கெட்டுப்போய் இருந்ததால் மாமாவின் லொறி போய்விட்டது. அதற்குத் தண்டனையாக எனக்குத் தினமும் வயிற்றில் ஊசி போடுகிறார்கள். அவ்வளவுதான் விஷயம். அது நியாயம் என்றே பட்டது.

வார்டில் மாமா என் கட்டிலடியில் வந்து உட்கார்ந்தார். சவரம் செய்யாத முகம். எப்படித் தொடங்குவது என்று காலையிலிருந்து யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன்.

"மாமா, அடுத்தமுறை உங்களுக்கு நல்லதாத் தாறன்."

அவருக்கு முதலில் விளங்கவில்லை.

"என்னத்தைப் பிள்ளை?"

"ஒண்டுக்கு."

மாமா குனிந்து போர்வையில் முகத்தை வைத்துக்கொண்டார். முதுகு குலுங்கியது.

"வேண்டாமடி என்ர குஞ்சு" என்றார் போர்வைக்குள்ளிருந்து. "நீ தந்தது போதும்."

இனி என்னிடம் கேட்க மாட்டார், வேறொரு நல்ல பிள்ளையாகத் தேடிக்கொள்ளப் போகிறார் என்று விளங்கிக்கொண்டு, நானும் அழத் தொடங்கினேன்.