லூச்சியா பேசிய மொழி

கியாரா துசியந்தியை வேலைக்கு எடுத்தது அவளுடைய இத்தாலிய மொழிக்காக. லண்டனில் பிள்ளை பார்க்க ஆளுக்குப் பஞ்சமில்லை. இத்தாலியன் கதைத்துக்கொண்டு பிள்ளை பார்க்கிற ஆள், அதுவும் வீட்டோடு தங்குகிற ஆள், லேசில் கிடைக்காது. துசியந்தி யாழ்ப்பாணத்திலிருந்து இத்தாலியின் பலெர்மோவுக்குப் போய், அங்கே ஒரு மருத்துவர் வீட்டில் பதினொரு வருடம் தங்கி இரண்டு பிள்ளைகளை வளர்த்தவள். இத்தாலியக் கடவுச்சீட்டோடு லண்டனுக்கு வந்தவள். ஹைகேட்டில் கியாராவின் குசினி மேசையில் நடந்த நேர்முகத்தில் ஒரே ஒரு நிபந்தனை இரண்டு தரம் சொல்லப்பட்டது.

"பிள்ளையோடு இத்தாலியன் மட்டும். ஆங்கிலத்தை அவள் பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொள்வாள்."

தமிழைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுக்கு அப்படி ஒரு மொழி இருக்கும் என்பதே அந்த மேசையில் யாருக்கும் தோன்றவில்லை.

கூரைக்குக் கீழே அவளுக்கு ஓர் அறை. வீட்டோடு தங்குவதைச் சலுகை என்று சொல்கிறவர்கள் ஒரு நாளும் அப்படித் தங்கியிருக்க மாட்டார்கள். வேலை போனால் அன்றைக்கே கட்டிலும் போகும், அடுப்பும் போகும், கடிதம் வருகிற விலாசமும் போகும். துசியந்திக்கு இது நன்றாகத் தெரியும். நாற்பத்து மூன்று வயதில் அவளிடம் இருந்த ஒரே விலாசம் இன்னொருத்தியின் வீடு.

கியாரா ஒரு வங்கியில் சட்டத்தரணி. காலை ஏழு மணிக்குப் போனால் பிள்ளை படுத்த பிறகுதான் வருவாள். புருஷன் கிழமை நாட்களில் மிலானில். எட்டு மாதக் குழந்தையாக லூச்சியா துசியந்தியின் கைக்கு வந்தாள். முதல் மூன்று மாதம் நிபந்தனைப்படியே நடந்தது. பிறகு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தது. தோளில் போட்டுக்கொண்டு நடந்தபோது துசியந்தியின் வாயிலிருந்து தானாக வந்தது: "ஒண்டுமில்லை என்ர ராசாத்தி, ஒண்டுமில்லை, இப்ப சுகமாயிடும்." பிள்ளை அழுகையை நிறுத்தி அவளுடைய வாயையே பார்த்தது. துசியந்தி தொடர்ந்து கதைத்தாள். நாள் முழுக்கத் தமிழ் ஒரு சொல்லும் கதைக்காமல் எத்தனையோ வருடம் இருந்தவள். திறந்த வாயை மூட அவளால் முடியவில்லை.

ஒன்றரை வயதில் லூச்சியா "தா" என்றாள். பிறகு "தண்ணி தா". பிறகு "ஏலாது". சப்பாத்துப் போட ஏலாது, குளிக்க ஏலாது, கீரை தின்ன ஏலாது. பூங்காவில் தன் பிஸ்கட்டுக்குக் கிட்ட வந்த புறாவைக் காலால் உதைக்கப் போய், "போ சனியன்!" என்று கத்தினாள். துசியந்தி விழுந்து விழுந்து சிரித்தாள். தான் தொலைபேசியில் கதைக்கிறபோது பிள்ளை பிடித்துக்கொண்ட சொல் அது என்பது பிறகுதான் உறைத்தது.

ஒருநாள் கியாரா பின்னேரமே வந்துவிட்டாள். பிள்ளை ஓடிப்போய்க் கையைப் பிடித்து, "அம்மா, இஞ்ச இரு" என்றது. கியாரா சிரித்தபடி, "இது என்ன குருவிப் பாஷை?" என்று இத்தாலியனில் கேட்டுவிட்டு உடுப்பு மாற்றப் போனாள்.

நிபந்தனையை மீறியது பிடிபட்டால் என்ன ஆகும் என்று துசியந்தி அன்றிரவு கணக்குப் போட்டாள். அடுத்த நாள் காலை பிள்ளையை மடியில் வைத்து, உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். "அம்மா நிக்கேக்க இப்பிடிக் கதைக்கக்கூடாது, சரியோ?" 'இத்தாலியனில் கதை' என்று மாற்றிக் கொடுத்திருந்தாலும் பரவாயில்லை. அதைச் செய்யவில்லை. விரலை மட்டும் காட்டினாள். பயந்தவள் செய்கிற வேலை அது. பிள்ளை ஒரே தரத்தில் பிடித்துக்கொண்டது. அன்றைக்குப் பிறகு தாயைக் கண்டால் வாய் திறப்பதில்லை. தலையை ஆட்டும். கையால் காட்டும்.

இரண்டரை வயதுப் பரிசோதனைக்கு வந்த தாதி, பிள்ளைக்கு எத்தனை சொல் தெரியும் என்று கேட்டாள். கியாரா விரல் மடித்து எண்ணி, "மூன்று" என்றாள். காது பரிசோதித்தார்கள். காதில் ஒரு குறையுமில்லை. பேச்சுச் சிகிச்சையாளரிடம் அனுப்பினார்கள். அதற்கு நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். கியாரா இணையத்தில் என்னென்னவோ வாசித்தாள், மெலிந்தாள், வேலைக்குப் போகும் முன் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு அழுதாள். துசியந்தி வெளியே நின்று துவாய்களை மடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வால்தம்ஸ்டோவில் இருக்கிற சித்தியின் மகள் அஜித்தாவிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

அஜித்தா முதலில் சிரித்தாள். "இத்தாலிக்காரப் பிள்ளை 'ஏலாது' எண்டுதோ? ஐயோ அக்கா, என்ர பெடியள் ரெண்டுக்கும் அது வாயில வராது. என்ன கேட்டாலும் 'வாட் எவர்' எண்டுதுகள். அவளைக் கொண்டு வந்து இஞ்ச விடுங்கோ, இவையளுக்குப் படிப்பிக்கட்டும்."

"பகிடி விடாத. தாய்க்குச் சொல்லப் போறன்."

"உங்களுக்கு விசரோ? சொன்னா அண்டைக்கே பெட்டியோட ரோட்டில நிப்பீங்கள். என்ர வீட்டில எங்க படுப்பீங்கள்? பெரியவன் ஹோலில படுக்கிறான்."

"நான் இஞ்ச வந்து கிடக்கக் கேக்கேல்லையே."

"அப்ப பேசாம இருங்கோ. நேசரிக்குப் போனா எல்லாம் கதைக்கும்."

"அந்தப் பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை, அஜித்தா. அதின்ர வாயை அடைச்சது நான். பிள்ளைக்கு ஏதோ வருத்தம், நோய் எண்டு நினைச்சுத் தாய் அழுகுது. நான் பக்கத்தில நிண்டு துவாய் மடிக்கிறன்."

அஜித்தா தேத்தண்ணி ஊற்றினாள். கடைசியில், "அக்கா, நல்லவளா இருக்கிறதுக்கும் முதல்ல ஒரு வீடு வேணும்" என்றாள். அதில் பொய் இல்லை. அதனால்தான் துசியந்தி அந்தக் கிழமையும் சொல்லவில்லை, அதற்கடுத்த கிழமையும் சொல்லவில்லை.

குறித்த நாள் வந்தது. சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன அறை, தரையில் கம்பளம், ஒரு பெட்டி விளையாட்டுச் சாமான். சிகிச்சையாளர் நரைத்த தலைமயிரும் தாழ்ந்த குரலும் உள்ள பெண். கியாரா ஒரு பக்கம், துசியந்தி ஒரு பக்கம். அந்தப் பெண் சிவப்புப் பந்தை எடுத்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கியாராவை இத்தாலியனில் கேட்கச் சொன்னாள்.

லூச்சியா பந்தைப் பார்த்தாள். துசியந்தியைப் பார்த்தாள். தாயைப் பார்த்தாள். பிறகு தன் சின்ன விரலைத் தூக்கித் தன் உதட்டிலேயே வைத்தாள்.

சிகிச்சையாளர் குனிந்து எதையோ எழுதினாள். அந்த விரல் எங்கிருந்து வந்தது என்று அந்த அறையில் ஒருத்திக்குத்தான் தெரியும்.

துசியந்தி கம்பளத்தில் முழங்காலிட்டாள். "ராசாத்தி, சொல்லலாம். அம்மா நிண்டாலும் சொல்லலாம். துசிதான் பிழையாச் சொல்லிப்போட்டன். இது என்ன?"

பிள்ளை இன்னொரு தரம் தாயைப் பார்த்தது.

"பந்து."

"பந்து என்ன செய்யுது?"

"பந்து உருண்டு போகுது. கட்டிலுக்குக் கீழ போகுது. துசி, எனக்குப் பசிக்குது. வீட்ட போவம். இந்த அன்ரி ஏன் எழுதுறா?"

பேனா நின்றுவிட்டது. துசியந்தி பிள்ளை சொன்னதையும் தான் செய்ததையும் முதலில் சிகிச்சையாளரிடம் ஆங்கிலத்தில் சொன்னாள், பிறகு கியாராவிடம் இத்தாலியனில். காய்ச்சலைச் சொன்னாள். குருவிப் பாஷையைச் சொன்னாள். விரலையும் சொன்னாள். தன்னைக் காப்பாற்றுகிற மாதிரி ஒரு வரியும் சேர்க்கவில்லை.

சிகிச்சையாளர், எந்த மொழியில் பேசினாலும் பேச்சு பேச்சுத்தான், இந்தப் பிள்ளை வயதுக்குத் தக்கபடி முழு வசனம் பேசுகிறாள் என்றாள். கியாரா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"எத்தனை நாளாக?"

"ஒரு வருடத்துக்கு மேல்."

கியாரா அவர்களை வீட்டுக்குக் கூட்டி வந்தாள். வந்து, பிள்ளையைத் தொலைக்காட்சிக்கு முன்னால் இருத்திவிட்டு, குசினிக் கதவைச் சாத்தினாள்.

"நான் நான்கு மாதம் செத்துப் பிழைத்தேன். நீ மேலே தூங்கினாய்."

"ஓம்" என்று தமிழில் வந்ததைத் துசியந்தி இத்தாலியனில் திருப்பிச் சொன்னாள்.

"என் பிள்ளை என்னைக் கண்டு வாயை மூடினாள். அதை அவளுக்குப் பழக்கியது நீ. நாளைக்குப் போய்விடு."

துசியந்தி அறையைக் கேட்டுக் கெஞ்சவில்லை. "போகிறேன். ஆனால் நாளைக்கு நான் போனால், அவள் சொல்வதை விளங்கிக்கொள்ள இந்த வீட்டில் ஆள் இருக்காது. தண்ணி கேட்டாலும் உங்களுக்குத் தெரியாது. இரண்டு கிழமை தாருங்கள். நீங்கள் வீட்டில் நில்லுங்கள். அவளுடைய சொற்களை உங்களுக்குச் சொல்லித் தருகிறேன். பிறகு போகிறேன்."

அடுத்த நாள் காலை கியாரா வங்கியில் இரண்டு கிழமை விடுமுறை எடுத்தாள். மன்னிப்பு என்று ஒன்றும் நடக்கவில்லை. இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் அதிகம் பார்க்கவுமில்லை. ஆனால் ஒவ்வொரு காலையும் பிள்ளைக்குப் பாலைக் கொடுத்துவிட்டு, ஒரு கொப்பியோடு மேசையில் இருந்தார்கள். துசியந்தி சொல்வாள், கியாரா இத்தாலிய எழுத்தில் எழுதுவாள். பசிக்குது. நோகுது. தூக்கு. விடு. பயமா இருக்கு. கியாராவின் நாக்குப் புரளாத இடங்களில் லூச்சியா சிரித்தாள். "இல்லை அம்மா, அப்பிடி இல்லை" என்று திருத்தினாள். ஒன்பதாம் நாள் தாய் கேட்ட ஒன்றுக்கு இத்தாலியனிலேயே பதில் சொன்னாள். கியாரா எழுந்து போய், அழுகை வெளியே கேட்காதபடி குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

லண்டனின் எட்மண்டனில் நான்கு பெண்கள் பங்கு போடுகிற வீட்டில் துசியந்திக்கு ஒரு கட்டில் கிடைத்தது. முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. பதினைந்தாம் நாள் காலை பெட்டியை வாசலுக்கு இழுத்து வந்தாள். லூச்சியா பெட்டியின் மேல் ஏறி இருந்துகொண்டாள்.

"துசி, எங்க போறாய்?"

"வேற வீட்ட போறன்."

"எப்ப வருவாய்?"

பலெர்மோவில் தான் வளர்த்த பிள்ளைகள் கேட்ட இதே கேள்விக்கு அவள் 'நாளைக்கு' என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அப்படிச் சொல்லச் சொன்னது அந்த வீட்டு அம்மா. இந்த முறை அவளுக்கு யாரும் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. குனிந்து பிள்ளையைப் பெட்டியிலிருந்து தூக்கி இறக்கினாள்.

"வரமாட்டன், ராசாத்தி."

பிள்ளையின் முகம் கோணியது. கியாரா கிட்ட வந்தாள். "என்ன சொன்னாய்? அந்தச் சொல்லை நான் இன்னும் படிக்கவில்லை."

துசியந்தி அதற்கு அர்த்தம் சொன்னாள். கியாரா அழுகிற பிள்ளையை ஒரு கையில் அணைத்துக்கொண்டு, மற்றக் கையால் கொப்பியைச் சுவரில் அழுத்திப் பிடித்து, அந்தச் சொல்லை எழுத்து எழுத்தாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள்.