மேனேஜரின் மேல் பட்டன்

மாமா சட்டையின் மேல் பட்டனைப் போடுவதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். முதலில் இடது கைக் கட்டைவிரல் காலருக்குள் போய்த் துணியைக் கொஞ்சம் முன்னால் இழுக்கும். வலது கை பட்டனைத் தேடாது. அது இருக்குமிடம் அந்தக் கைக்குத் தெரியும். காஜாவுக்குள் பாதி நுழைந்ததும் பட்டன் ஒரு கணம் நிற்கும், கதவைத் தட்டிவிட்டு வாசலில் நிற்கிறவரைப்போல. பிறகு மாமா முகவாயைத் தூக்கி, கழுத்தை நீட்டி, அதை உள்ளே தள்ளுவார். தள்ளியதும் உள்ளங்கையால் அதன்மேல் ஒரு தட்டு. விஷயம் முடிந்தது.

இது நடந்தால் அம்மா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்துவாள். தம்பிக்குக் குளிர்கிறதாம். வெயில் கொளுத்தும் நாளில், நாங்கள் எல்லோரும் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருக்கும்போதும் நிறுத்துவாள். அவன் உடம்பு வேறு மாதிரி என்பாள். யாரும் எதிர்த்துப் பேசியதில்லை. உடம்பு மட்டுமல்ல, அவரைப் பற்றிய எல்லாமே வேறு மாதிரிதான் என்று வீட்டில் ஒப்புக்கொண்டு வெகுகாலம் ஆகிவிட்டது.

மாமா அம்மாவின் தம்பி. ஐம்பதை நெருங்குகிறார். பிறக்கும்போது மூச்சு வரத் தாமதமாகி, மூளை வளர்ச்சி பாதிக்கப்பட்டவர். இவருக்கு ஆறு வயதுப் பிள்ளையின் அறிவு என்று முன்பொரு டாக்டர் சொன்னபோது, ஆறு வயதுப் பிள்ளையை மிட்டாய் காட்டி ஏமாற்றலாம், இவனை ஏமாற்றிக் காட்டுங்கள் பார்ப்போம் என்று அம்மா சண்டைக்குப் போனாளாம். மாமாவிடம் இருக்கும் வார்த்தைகள் கொஞ்சம். அதில் அதிகம் புழங்குவது ‘சரி’. சாப்பிடலாமா என்றால் சரி. தூங்கலாமா என்றால் சரி. வீடு தீப்பிடித்துவிட்டது என்றாலும் சரி என்றுதான் சொல்வார்.

அப்பா தையல்காரர். வீட்டின் முன்னறைதான் கடை. கடை வாசலில் மாமா கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். புதிதாக வருகிறவர்கள் அவரைத்தான் முதலாளி என்று நினைப்பார்கள். கை கொஞ்சம் லூசாக இருக்கட்டும், பாக்கெட் உள்ளே வரட்டும் என்று விவரமாகச் சொல்வார்கள். மாமா கவனமாகக் கேட்டு, தலையை ஆட்டி, சரி என்பார். அவர்கள் திருப்தியாகக் கிளம்பும்போது அப்பா உள்ளேயிருந்து ஓடிவந்து பிடிக்க வேண்டும். “எல்லாம் கேட்டுக்குவார், ஒண்ணும் செய்யமாட்டார். அதான் மேனேஜர்” என்பார். தெருவில் எல்லோருக்கும் அவர் மேனேஜர்தான்.

ஆனால் அவருக்கு உண்மையான வேலையும் உண்டு. தைத்து முடித்த துணியில் அங்கங்கே நீட்டிக்கொண்டிருக்கும் நூல் முனைகளை முன்பல்லால் கடித்து எடுப்பது. கத்தரிக்கோலைத் தொடமாட்டார். சட்டையை மடியில் போட்டு, மடிப்பு மடிப்பாகத் திருப்பி, ஒரு முனைகூட விடாமல் டிக், டிக்கென்று கடிப்பார். மேல்வரிசை முன்பற்கள் இரண்டிலும் நூல் அறுத்த சின்னப் பள்ளம் விழுந்திருக்கும். காலர் ஏன் லேசாக ஈரமாக இருக்கிறது என்று ஒரு வாடிக்கையாளர் கேட்டதற்கு, இஸ்திரிக்குத் தண்ணீர் தெளித்தது என்று அப்பா முகம் மாறாமல் சொன்னதை நான் பார்த்திருக்கிறேன்.

ஒருநாள் முடித்து வைத்த சட்டைகளில் நூல்கள் அப்படியே தொங்கின. மாமா மடியில் துணி இருந்தது, கை கன்னத்தில் இருந்தது. மறுநாள் கன்னம், உள்ளே ஒரு நூல்கண்டை அடக்கிவைத்ததுபோல வீங்கிவிட்டது. வலிக்கிறதா என்றாள் அம்மா. சரி என்றார்.

தெருமுனைப் பல் டாக்டர் வாயைத் திறக்கச் சொன்னார். மாமா சரி என்று சொல்லிவிட்டு வாயை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டார். அந்த டாக்டர் நல்லவர்தான், பொறுமைதான் கொஞ்சம் குறைவு. இங்கே முடியாது, பெரிய ஆஸ்பத்திரியில் முழு மயக்கம் கொடுத்து எடுக்க வேண்டும், அப்படியே தேய்ந்துபோன முன்பற்களையும் சேர்த்து எடுத்துவிட்டால் பிற்காலத்தில் தொல்லை இல்லை, அக்கா நீங்கள் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார். அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அன்று முதல் வீடு இரண்டு கட்சியானது. எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிட வேண்டும் என்பது அம்மா கட்சி. முன்பல் போனால் மேனேஜர் என்ன செய்வார், நாள் முழுக்க வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாரா என்பது அப்பா கட்சி. சம்பந்தப்பட்டவரை எந்தக் கட்சியிலும் சேர்க்கவில்லை. நான் நடுவில் உட்கார்ந்து புத்தகத்தின் ஒரே பக்கத்தைப் படித்துக்கொண்டிருந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரியில் இப்படிப்பட்டவர்களுக்கென்றே தனி அறை இருந்தது. அங்கே இருந்த டாக்டர் என்னைவிடச் சில வயது மூத்தவராக இருக்கலாம். ஓட்டப்பந்தயத்துக்குப் போகிறவரைப்போல ஷூ போட்டிருந்தார். “எங்கே சார் வலி?” என்று கேட்டார். அம்மா திரும்பி, பின்னால் யார் வந்திருக்கிறார்கள் என்று பார்த்தாள். மாமாவை யாரும் சார் என்று கூப்பிட்டு அவள் கேட்டதில்லை. பிறகு சமாளித்துக்கொண்டு மாமாவின் வலியை அவளே விவரிக்கத் தொடங்கினாள்.

“அம்மா, நான் சார்கிட்ட கேட்டேன்.”

“அவன்கிட்ட கேட்டா எல்லாத்துக்கும் சரிம்பான், டாக்டர்.”

டாக்டர் நாற்காலியை மாமாவுக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். “சார், உங்க பல்லை எடுக்கட்டுமா?” சரி. “எடுக்க வேண்டாமா?” சரி. “என் பல்லை எடுத்துடலாமா?” சரி. டாக்டர் சிரித்துவிட்டார். மாமாவும் சிரித்தார். இந்தச் சரியை நம்பி ஒரு ஊசிகூடப் போட முடியாது என்றார் டாக்டர்.

எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு நிலைமையை விளக்கினார். பின்பக்கக் கடைவாய்ப்பற்கள் இரண்டில் சீழ் வைத்திருக்கிறது. அவை போயே ஆக வேண்டும். முன்பற்கள் தேய்ந்திருக்கின்றன, ஆனால் அடைத்துக் காப்பாற்றலாம். எடுப்பதா, வைப்பதா என்பதுதான் கேள்வி. மாமாவால் எல்லாவற்றையும் யோசித்துத் தானே முடிவெடுக்க முடியாது என்பது உண்மை. அதனால் அவருக்கு எது நல்லது என்று எல்லோரும் சேர்ந்து முடிவுசெய்ய வேண்டும். ஆனால் அந்த எல்லோரில் அவரும் ஒருவர் என்றார். அக்கா கையெழுத்து அவருடைய விருப்பத்துக்குப் பதில் ஆகாதாம்.

பிறகு இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்றில் பல் தெரியச் சிரிக்கும் முகம், இன்னொன்றில் முன்பல் இல்லாத முகம். முதல் படத்துக்கு மாமா சரி என்றார். இரண்டாவதைப் பார்த்தார். சரி என்றார். இடது கட்டைவிரல் காலருக்குள் போனது. பட்டன் பாதி நுழைந்து நின்றது. முகவாய் உயர்ந்தது. ஒரு தட்டு.

“கொஞ்சம் ஃபேனை நிறுத்துங்க டாக்டர், அவனுக்குக் குளிருது” என்றாள் அம்மா.

நான் மேலே பார்த்தேன். அந்த அறையில் மின்விசிறி ஓடவே இல்லை.

மாமா இதற்குமுன் பட்டன் போட்ட நேரங்கள் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. முடிவெட்டும் கடை நாற்காலியில் துணியைப் போர்த்தும்போது. இருமல் மருந்துப் பாட்டிலைத் திறக்கும்போது. தலையைத் தடவிப் பாவம் என்று சொல்லும் ஒரு சித்தப்பா எங்கள் வீட்டுக்குள் நுழையும்போது. பேச வேண்டும் என்று தோன்றினால் எனக்கு முதலில் காதுதான் சூடாகும். டாக்டரின் ஷூவைப் பார்த்துச் சொன்னேன்: “அவருக்குக் குளிரலை. வேண்டாம்னு சொல்றாரு.”

டாக்டர் உடனே நம்பிவிடவில்லை. மாமா தானாகப் பட்டனைக் கழற்றும்வரை வேறு கதை பேசினார். பிறகு, நாற்காலியை மேலே தூக்கட்டுமா என்றார். சரி; கை மடியிலேயே இருந்தது. இந்தக் கையுறை உங்களுக்கு வேண்டுமா என்றார். சரி, கை மடியிலிருந்து நேராகக் கையுறைக்குப் போனது. ஊசியைத் தூரத்திலிருந்து காட்டினார். சரி, பட்டன். பல்வரிசை பொம்மை ஒன்றைக் கையில் எடுத்து, அதன் முன்பல்லைப் பிடுங்குவதுபோல் இழுத்துக்காட்டினார். சரி, பட்டன், தட்டு, கூடவே இன்னொரு தட்டு.

“காஜா ஏன் மேல மட்டும் பிஞ்சு பிஞ்சு போகுதுன்னு பார்த்தேன்” என்றார் அப்பா மெதுவாக. மாமாவின் சட்டைகளில் அந்த ஒரு காஜாவை அவர் எத்தனையோ முறை புதிதாகப் போட்டிருக்கிறார்.

அம்மா கை நீட்டி மாமாவின் மேல் பட்டனைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம், “அப்ப இவ்வளவு வருஷமா அவன் வேண்டாம் வேண்டாம்னு சொல்லச் சொல்ல, நான் ஃபேனையா நிறுத்திட்டு இருந்தேன்?” என்றாள்.

“வேர்த்தது நாங்க” என்றார் அப்பா.

அவள் சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டே டாக்டரிடம் சொன்னாள்: “நான் இருக்கிற வரைக்கும் பட்டனைப் பார்ப்பேன். எனக்கு அப்புறம் இவனை யாரு இப்படி உட்காரவெச்சுக் கேட்பா? அதான் இப்பவே எல்லாத்தையும் எடுத்துடச் சொன்னேன். பல்லே இல்லைன்னா பல்வலியும் இல்லை பாருங்க.”

“பயம் உங்களோடது, பல் அவரோடது. ரெண்டையும் ஒரே மயக்கத்துல பிடுங்க முடியாதும்மா” என்றார் டாக்டர்.

அப்பா என்னைக் காட்டி, பட்டனைப் பார்க்கத்தான் இவன் இருக்கிறானே, இவனுக்குப் பார்ப்பதைத் தவிர வேறென்ன தெரியும் என்றார். எங்கள் வீட்டில் பாராட்டு இந்த உருவத்தில்தான் வரும். அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தாள். அப்புறம் தலையை ஆட்டினாள். கடைவாய்ப்பற்கள் போகும், முன்பற்கள் இருக்கும் என்று முடிவானது.

அந்த நாளும் வந்தது. வார்டில் மாமாவுக்கு ஆஸ்பத்திரி அங்கியைப் போட்டுவிட்டார்கள். அது பின்பக்கம் நாடாவால் கட்டுவது. மாமாவின் கை கழுத்துக்குப் போய்த் தேடியது. திரும்ப வந்தது. மறுபடியும் போனது. இதைப் பார்த்த அப்பா பையைத் திறந்தார். தையல்காரர் எங்கே போனாலும் பையில் ஊசி, நூல், கத்தரி, பட்டன் எல்லாம் இருக்கும். மாமாவைச் சுவரைப் பார்த்து நிற்கவைத்து, அங்கியைக் கழற்றி வாங்கி, கழுத்தருகே துணியை வெட்டி, காஜா பின்னி, பட்டன் வைத்துக் கொடுத்தார். நர்ஸ் வந்து, ஆஸ்பத்திரி சொத்தை என்ன செய்கிறீர்கள் என்று சத்தம் போட்டார். அவருக்குப் பேச்சு வரவில்லை சிஸ்டர், பேச்சைத் தைத்துக் கொடுக்கிறேன் என்றார் அப்பா.

உள்ளே என்னையும் கூட வரச் சொன்னார்கள். மயக்க மருந்துக்கான முகமூடியை டாக்டர் மாமாவிடம் காட்டி, வைக்கட்டுமா சார் என்றார். சரி என்றார் மாமா. முகமூடி கிட்டே வந்தது. அதன் ரப்பர் வாசனை எனக்கே வந்தது. கட்டைவிரல் அங்கியின் கழுத்துக்குள் போனது. பட்டன் காஜாவுக்குள் விழுந்தது.

எல்லோரும் டாக்டரைப் பார்த்தார்கள். பிடித்துக்கொள்ள நான்கு பேர் இருந்தார்கள். டாக்டர் முகமூடியைக் கீழே வைத்துவிட்டார்.

மாமாவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். இருட்டுக்குள் வெகுகாலம் ஸ்விட்சைத் தடவியவருக்கு, முதல்முறையாக விளக்கு எரிந்ததுபோல இருந்தது.

வெளியே அம்மாவுக்கு வந்த கோபம் சாதாரணமானதல்ல. அவன் வேண்டாம் என்றால் விட்டுவிடுவீர்களா, அப்புறம் டாக்டர் எதற்கு என்றாள். “இன்னைக்கு விடுவேன். வீக்கம் ஏறினா விடமாட்டேன்” என்றார் டாக்டர். அவர் வேண்டாம் என்றது பல் எடுப்பதை அல்ல, முகமூடியைத்தான் என்று நினைக்கிறேன் என்று சொல்லி, அதையே எங்களிடம் கொடுத்தனுப்பினார். வீட்டில் வைத்துப் பழக்குங்கள், மாத்திரை ஒரு வாரம் தாங்கும் என்றார். அடுத்த இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகுமே என்று நர்ஸ் முணுமுணுத்தார். டாக்டர் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, அடுத்த வாரமே ஓர் இடம் காலியாக இருக்கிறது, வாருங்கள் என்றார்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் பட்டன் ஆட்சி நடந்தது. தன் பட்டனுக்கு உலகம் நிற்கும் என்று மாமாவுக்குத் தெரிந்துவிட்டது. குளிக்கலாமா? பட்டன். டிவியை நிறுத்தட்டுமா? பட்டன். அம்மா தட்டில் பாகற்காயை வைத்தாள். அவளைப் பார்த்துக்கொண்டே போட்டார். இத்தனை நாள் அவர் முகம் சுளிக்காமல் சாப்பிட்ட காய் அது. “இதுக்குப் பேசாம ஃபேனையே நிறுத்திட்டு இருந்திருக்கலாம்” என்றாள் அம்மா, காயை எடுத்துக்கொண்டே. முகமூடியை அப்பா போட்டுக்கொண்டார், நான் போட்டுக்கொண்டேன், கடைக்கு வந்த ஒருவருக்குக்கூட மாமாவே போட்டுவிட்டார். வார முடிவில் அதை நெற்றியில் தள்ளிவைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தார், கண்ணாடியை மேலேற்றிய அதிகாரியைப்போல.

இரண்டாம் முறை டாக்டர் கேட்டார். மாமா சரி என்றார். நான் கழுத்தைப் பார்த்தேன். டாக்டரும் பார்த்தார். கை மடியில் இருந்தது. முகமூடியை மாமா தானே வாங்கி மூக்கில் வைத்துக்கொண்டார். பின்பற்கள் இரண்டும் போயின, முன்பற்கள் அடைக்கப்பட்டன. நூல் கடிக்கலாமா என்று அப்பா கேட்டதற்கு, மெல்லிய நூல் மட்டும், அதுவும் நான் பார்த்தபிறகு என்றார் டாக்டர்.

அதைக் காட்டிக் கேட்பதற்காக மறுபடி போனபோது டாக்டர் அங்கே இல்லை, லீவு என்றார்கள். வேறொருவர்தான் மாமாவின் வாயைப் பார்த்து அனுமதி கொடுத்தார். நர்ஸ்தான், கட்டுத்துணியை மடித்துக்கொண்டே, எங்களிடம் சொன்னார். அந்த வாரம் எங்களுக்குக் கிடைத்த இடம் காலியாக இருந்தது அல்லவாம். டாக்டர் தனக்கே வாங்கி வைத்திருந்ததாம். ஈறுக்குள் புதைந்த ஞானப்பல், எடுக்க வேண்டும் எடுக்க வேண்டும் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தாராம். ஊசியென்றால் அவருக்குப் பயம், முழு மயக்கம் கொடுத்தால்தான் படுப்பேன் என்று பிடிவாதமாம். எங்களுக்கு இடத்தைக் கொடுத்தபிறகு அவருக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. அன்று காலைதான், வெறும் ஊசி போட்டு, அந்த நாற்காலியிலேயே எடுத்துக்கொண்டாராம்.