டோரீன் டீச்சர் பார்த்த அயர்லாந்து

லிங்கராஜபுரத்தில் டோரீன் டீச்சர் வெளிநாடு போய் வந்தது தெரியாதவர்கள் கிடையாது. அயர்லாந்து எப்படி என்று யார் கேட்டாலும் "சூப்பர்" என்பாள். உண்மையைச் சொன்னால் நம்பவா போகிறார்கள்?

அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு தம்பி எரிக்கைப் படிக்கவைத்து ஆளாக்கியவள் அவள்தான். அதிலேயே அவளுடைய கல்யாண வயது ஓடிப்போனது. அயர்லாந்தில் வேலைக்குச் சேர்ந்த எரிக், போன மே லீவுக்கு டிக்கெட் அனுப்பினான். "நிதானமா கார்ல போலாம்க்கா. சின்னச் சின்ன ஊரா பாக்கலாம். உனக்காகத்தான் இந்த டிரிப்பே."

நிதானம் என்னவோ உண்மைதான். பின் சீட்டில், அவன் மகன் மூன்று வயது க்ளென்னுக்குப் பக்கத்தில் டோரீன். ஒவ்வொரு ஊர் வரும்போதும் பிள்ளை சொல்லிவைத்தாற்போல் தூங்கிவிடுவான். "எழுப்பிடாதேக்கா, பத்து நிமிஷத்துல வந்துடறோம்" என்று எரிக்கும் மனைவி ஐரினும் இறங்கிப் போவார்கள். காபி குடித்து, கடைத்தெரு சுற்றி, போட்டோ எடுத்துக்கொண்டு சாவகாசமாக வருவார்கள். டோரீன் பார்த்ததெல்லாம் கார் நிறுத்தும் இடங்கள்தான்.

ஒரு ஊரில் எதிரிலேயே கல்லால் கட்டிய மாதா கோயில். பூசைக்கு மணி அடித்தது. அவளுக்கு ஆசை தாங்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, அப்பா பேரில் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்துவிடலாமென்று கதவை இழுத்தாள். திறக்கவில்லை. குழந்தை திறந்துவிடக் கூடாதென்று பின்கதவுகளுக்குப் போட்ட பூட்டு அவளுக்கும் சேர்த்துத்தான். முன்பக்கம் எக்கிக் கைநீட்டியதும் காரின் திருட்டு அலாரம் ஊளையிடத் தொடங்கியது. க்ளென் வீறிட்டான். பூசைக்குப் போனவர்கள் நின்று திரும்பிப் பார்த்தார்கள். எரிக் மூச்சிரைக்க ஓடிவந்தான். "என்னக்கா, மானத்த வாங்கிட்டியே! சும்மா உக்கார மாட்டியா?"

அவமானத்தில் டோரீனுக்கு அழுகை முட்டியது. பிள்ளையின் ஷூவைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

இந்த வருஷம் போவதில்லை என்று முடிவே கட்டிவிட்டாள். கூட வேலை பார்க்கும் ஸ்வர்ணா டீச்சரோடு மடிகேரிக்கு ரூம்கூடப் போட்டாயிற்று. தம்பியிடம் முடியாது என்று சொல்வதுதான் பாக்கி. சிரிக்காதீர்கள், இத்தனை வருஷத்தில் அவனிடம் அவள் சொல்லாத ஒரே வார்த்தை அது.

ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. "இந்தத் தடவை ஸ்காட்லாந்துக்கா. கிராமம் கிராமமா."

"நான் வரலைடா எரிக். எனக்கு பேஜாரா இருக்கு."

சொல்லியேவிட்டாள்.

அவன் கோபித்துக்கொள்ளவே இல்லை. "சரிக்கா, நீ ரெஸ்ட் எடு. ஐரினோட அக்கா அன்னா வரேன்னு குதிச்சிட்டிருக்காங்க. க்ளென்னுக்கும் அவங்கன்னா உசிரு."

டோரீனுக்கு முகம் சுண்டிப்போனது.

"அன்னாவா? அவளுக்குப் பிள்ளையத் தூங்கவெக்கத் தெரியுமாடா?"

"கத்துக்குவாங்கக்கா."

"ஒண்ணும் வேணாம். எனக்கே டிக்கெட் போடு."

சொன்ன வாயைத் தானே பொத்திக்கொண்டாள். எரிக் அதற்குள் எந்தத் தேதிக்கு என்று கேட்டுக்கொண்டிருந்தான்.