நேராகப் பார்த்தால் தெரியாது

என் அக்கா புருஷனைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. அவர் இரும்பை ஒட்டுவார், நான் அதற்குப் பெயின்ட் அடிப்பேன். ஒரே பட்டறையில்தான் எங்கள் இருவர் பிழைப்பும் ஓடியது. அங்கே அவருக்குப் பெயர் தீப்பொறி. தொழிலை வைத்து வந்த பெயர் என்றுதான் கேட் செய்யச் சொல்லி வருபவர்கள் நினைப்பார்கள். அவர் வாயைத் திறந்த பிறகுதான் உண்மையான காரணம் புரியும்.

பெற்ற பெண் ஒருவனைக் கூட்டிவந்து, "இவரைத்தான் கட்டிக்கப் போறேன்" என்று நின்றபோதும் அந்த வாய் சும்மா இருக்கவில்லை. "இனிமே இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காதே!" என்றார். அவள் அழுதபடியே போய்விட்டாள். அதன் பிறகு அவள் பேச்சை எடுத்தாலே பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவார். ஆனால் அவளுக்குக் குழந்தை பிறந்த செய்தி வந்தபோது பெயின்ட் டப்பாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "மாப்ளே, குழந்தை யாரு ஜாடைன்னு உங்க அக்காகிட்ட கேட்டுச் சொல்லேன்" என்றார். நேரே கேட்டால் கிரீடம் கழன்று விழுந்துவிடும், பாருங்கள்!

கண்ணையும் அந்தப் பிடிவாதம்தான் தின்றது. வெல்டிங் வெளிச்சத்தைக் கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பார்க்கக் கூடாது என்பது பட்டறை வாசலில் திரிகிற நாய்க்கும் தெரியும். நீளமாக ஒட்டும்போது அவரும் கண்ணாடி பிடிப்பார். ஆனால் துண்டுகளை நிறுத்துவதற்கு முதலில் அங்கங்கே ஒரு சொட்டு வைக்க வேண்டும். அதற்கு மட்டும் கண்ணாடியைத் தொடவே மாட்டார். ஒரு கையில் கம்பி, மறு கையில் வெல்டிங் ராடு. "கண்ணாடிய யாரு பிடிப்பா, உங்க அப்பனா?" என்பார். தலையில் மாட்டுகிறதை வாங்கிக் கொடுத்தேன். கழுத்து வலிக்கிறதாம். அது ஆணியிலேயே தொங்கியது.

ஆரம்ப காலத்தில் வீட்டுக்குப் போனதும் கண்ணில் மண்ணை வாரிப் போட்டது போல எரியும். போகப்போக எரிச்சல் குறைந்தது. "கண்ணு பழகிடுச்சு" என்று அதற்கொரு பெருமை வேறு.

நெருப்பைப் பார்த்தவுடன் எந்த வெல்டருக்கும் கண் முன்னால் ஒரு கறுப்புப் பொட்டு மிதக்கும். கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். இவருக்கு வந்த பொட்டு மறையவில்லை. மனிதர் அது மறையட்டும் என்று வாரக்கணக்கில் காத்திருந்திருக்கிறார்! வெளியே மூச்சு விடவில்லை. ஒருநாள் நான் ரெட் ஆக்சைடு அடித்துக்கொண்டிருந்த கேட், பிரஷ் பட்டதும் ஆடியது. குனிந்து பார்த்தேன். இணைப்பு ஒரு பக்கம் இருக்க, ஒட்டு அதற்குப் பக்கத்தில் வெறும் இரும்பில் உட்கார்ந்திருந்தது. பிரஷை வைத்துவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"என்ன மாமா இது?"

"கத்தாதே" என்றார். குரல் இறங்கிவிட்டது. "எங்க பாக்கணுமோ அங்க மட்டும் தெரிய மாட்டேங்குதுடா."

கண் டாக்டரம்மா கட்டம் போட்ட ஒரு தாளைக் கையில் கொடுத்து நடுப்புள்ளியைப் பார்க்கச் சொன்னார். இவர் முறைத்துப் பார்த்துவிட்டு, "கோடெல்லாம் சரியாத்தான் இருக்கு. நீங்கதான் புள்ளி வைக்க மறந்துட்டீங்க" என்றார். எனக்குப் பளிச்சென்று தெரிந்தது அந்தப் புள்ளி.

"புள்ளி இருக்குங்க" என்றார் டாக்டரம்மா. "ஒரு பொருள் மேல பட்டு வர்ற வெளிச்சத்தக் கண்ணோட முன்பக்கம் வளைச்சு, ஒண்ணு சேத்து, பின்னாடி இருக்கிற திரையில விழ வைக்குது. அந்தத் திரைக்கு நடுவுல குண்டூசித் தலை அளவுக்கு ஓர் இடம். எழுத்து, ஊசிக்காது, மனுஷங்க முகம் எல்லாம் அந்த இடத்தாலதான் துல்லியமாத் தெரியும். சுத்தியிருக்கிற மத்த இடம், ஏதோ இருக்குன்னு மட்டும்தான் சொல்லும். நீங்க நெருப்ப நேராப் பாத்தீங்கல்ல, அந்த வெளிச்சமும் அதே இடத்துலதான் போய்ச் சேந்துச்சு. ரெண்டு கண்ணுலயும் அது வெந்துபோச்சு."

"வலிக்கவே இல்லையே!"

"அந்தத் திரைக்கு வலி தெரியாதுங்க. போன இடத்தயும் மூளை சும்மா விடறதில்ல. பக்கத்துல இருக்கிறத வச்சு நிரப்பிடும். அதான் உங்களுக்குக் கோடு தெரியுது, புள்ளி தெரியல."

மாமா நாற்காலியின் நுனிக்கு வந்து கையைக் கூப்பினார். அந்த மனிதர் கையைக் கூப்பி நான் பார்த்ததே கிடையாது. "ஞாயித்துக்கிழமை என் பொண்ணு சொல்லிட்டுப் போக வர்றாம்மா. புருஷனோட வெளிநாட்டுக்குப் போறா, எப்ப திரும்புவாளோ தெரியாது. ஒருநாளைக்குச் சரி பண்ணிக் குடுங்க. அப்புறம் மொத்தமாப் போனாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்."

அப்படிச் செய்ய வழியில்லை என்று டாக்டரம்மா மெதுவாகத்தான் சொன்னார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. யார் மேலாவது வர வேண்டியிருந்தது.

பஸ்ஸில் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினார். வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாதாம். "பாவம்னு நெனச்சு அவ என்கிட்ட பேசக் கூடாது, மாப்ளே." அதோடு விட்டாரா? பட்டறைக்கு வந்ததும் என்னை எதிரே நிறுத்தி வைத்து ஒத்திகை பார்த்தார். என் முகத்தைப் பார்த்தால் முகம் இருக்கிற இடம் காலி. தோளுக்கு அப்பால் சுவரைப் பார்த்தால் முகம் ஓரத்தில் மங்கலாக வந்து நிற்கிறது. "இது போதும், சமாளிச்சுடுவேன்" என்றார். என்னத்தைச் சமாளிக்க?

ஞாயிற்றுக்கிழமை அவள் குழந்தையோடு வந்து அவர் எதிரே உட்கார்ந்தாள். "எப்படிப்பா இருக்கீங்க?" என்றாள். இவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இருக்கேன்" என்றார். அவள் குழந்தையை நீட்டினாள். இவர் கதவைப் பார்த்தார். முகத்தை எட்டிப் பிடிக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். அவளுக்கு எப்படித் தெரியும்? அவள் குழந்தையை இழுத்து அணைத்துக்கொண்டாள்.

"ஒரு தடவ நிமிந்து பாத்தாக் குறைஞ்சா போயிடுவீங்க?" என்று கேட்டுவிட்டு எழுந்தாள். "நான் வந்ததே தப்பு. வர்றேம்மா."

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். மகள் செருப்பைத் தேடத் தொடங்கிவிட்டாள். சத்தியமாவது மண்ணாவது என்று நான் வாயைத் திறப்பதற்குள் மாமா எழுந்து, குரல் வந்த திசையில் கையை நீட்டிக்கொண்டு தடுமாறி வந்தார்.

"போகாதடி! உன்னைப் பாத்தா நீ தெரிய மாட்டேங்கிற. உனக்குப் பக்கத்துல பாத்தாத்தான் கொஞ்சமாவது தெரியற. நெருப்புல கண்ணைத் தொலச்சுட்டேன்மா. குழந்தை மூஞ்சியும் தெரியல. உன்னை நெனச்சா, அன்னைக்கு அழுதுக்கிட்டு நின்ன பாரு, அந்த மூஞ்சி ஒண்ணுதான் வருது. கடைசியா ஒழுங்காப் பாத்தது அதான். அதையே வச்சுக்கிட்டு நான் எப்படிடி சாகிற வரைக்கும் இருப்பேன்?"

அவள் செருப்பைத் தேடுவதை விட்டாள். பிறகு கிட்டே வந்து குழந்தையை அவர் கைகளில் வைத்தாள். அவள் கன்னம் முழுக்க நனைந்திருந்தது. ஆனால் குரலை எங்கிருந்தோ இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"நான் இப்ப சிரிச்சுக்கிட்டு இருக்கேன்பா. அந்த மூஞ்சிய விடுங்க. இத வச்சுக்கங்க."

அவர் அவள் காதுப் பக்கம் பார்த்தார், தோளுக்கு அப்பால் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

"மாப்ளே, நெஜமாவே சிரிக்கிறாளா?"

"சிரிக்கிறா மாமா" என்றேன்.