ரோட்டுக்கு முதுகு காட்டிய மகள்

என் மகளுக்கு ஒன்றரை வயதிலேயே ஊருக்குள் ஒரு பட்டப்பெயர் வந்துவிட்டது: ‘முதுகு காட்டிப் போற புள்ள.’ காரின் பின்சீட்டில் குழந்தைகளுக்கான இருக்கையைப் பின்பக்கம் பார்க்கும்படி கட்டி, அதில் உட்காரவைத்துத்தான் அவளை எங்கும் அழைத்துப் போவோம். எங்கள் ஊர் செக்காலையில் அதைப் பற்றிக் கருத்துச் சொல்லாதவர் யாராவது இருந்தால், அவர் அன்று ஊரில் இல்லை என்று அர்த்தம்.

பெட்ரோல் பங்கில் வேலை பார்ப்பவர் கண்ணாடி வழியாக எட்டிப் பார்ப்பார். “சார், சீட்டை மாத்தி மாட்டிட்டீக. கொஞ்சம் எறங்குங்க, சரிபண்ணித் தாரேன்.” அலுவலக நண்பர் ஒருவர், குழந்தை வேடிக்கை பார்க்கும் உரிமையை நாங்கள் பறித்துவிட்டதாக மனம் வருந்தினார். அவர் தன் மகனை பைக்கின் பெட்ரோல் டேங்க் மேல் உட்காரவைத்து, ஹெல்மெட்டைக் கண்ணாடிக் கம்பியில் மாட்டிக்கொண்டு போகிறவர். உரிமைகளின் அருமை தெரிந்த மனிதர்.

நானும் ஒன்றும் பெரிய கொள்கைவீரன் இல்லை. மகளுக்கு ஒரு வயது முடிந்த வாரம், மனைவி வீட்டில் இல்லாத நேரம் பார்த்து இருக்கையை முன்பக்கம் திருப்பிக் கட்டினேன். பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. மகளின் கழுத்தைவிட என் வாய்க்கு ஓய்வு முக்கியமாகப் பட்டது, அவ்வளவுதான்.

மனைவி பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். மாலையில் வந்து பார்த்தாள். இருக்கையை அவிழ்த்து, பழையபடி திருப்பிக் கட்டி, முழங்காலால் அழுத்தி பெல்ட்டை இறுக்கினாள். அப்புறம்தான் பேசினாள்.

“இந்த வயசுல தலைதான் கனம். கழுத்து இன்னும் கெட்டிப்படல. முன்னால பாத்து உக்காந்திருந்தா, வண்டி சடார்னு நிக்கும்போது உடம்பை பெல்ட் புடிச்சுக்கிரும், தலை மட்டும் முன்னால போகும். பின்னால பாத்து உக்காந்தா முதுகு, கழுத்து, தலை எல்லாத்தையும் சீட்டே தாங்கிக்கிரும்.”

“எம்புட்டு நாளைக்கு இப்படியே?”

“சீட்டுல போட்டிருக்க எடையோ உயரமோ தாண்டுற வரைக்கும். வெக்கமா இருந்தா நீங்க வேணா திரும்பி உக்காந்து ஓட்டுங்க.”

ஓட்டிப் பார்க்கவில்லை.

எங்களை எதிர்த்தவர்களில் தலைமைப் பொறுப்பு என் அத்தையுடையது. அப்பாவின் தங்கை, இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. உலகத்திலேயே பத்திரமான இடம் பெண்களின் மடிதான் என்பது அவர் கட்சி. நாட்டரசன்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட அவர் மகளுக்கு வளைகாப்பு வந்தது. அதற்கு அத்தை எங்கள் காரில்தான் வந்தார். ஒரு தூக்குச்சட்டி நிறையப் பாயசம் காய்ச்சிக்கொண்டு வந்திருந்தார்.

ஏறியதும் தொடங்கிவிட்டார். “ஏப்பா, பச்சப்புள்ளைய இப்படியா கட்டிப்போடுவாக? அவுத்து இங்குட்டு கொடு. நான் மடியில வச்சுக்கிறேன்.”

“புள்ள அங்கயே இருக்கட்டும் அத்தை,” என்றாள் மனைவி. “பாயசத்தைக் கீழ வச்சா சிந்திரும். அதை வேணா மடியில வச்சுக்கங்க. பெல்ட்டையும் போட்டுக்கிருங்க.”

“பட்டு கசங்கிரும்த்தா,” என்று பெல்ட்டை ஒதுக்கிவிட்டு, சட்டியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார் அத்தை. வழியில் உள்ள கல்லல் வரைக்கும் என் வளர்ப்பு முறையைப் பற்றிய உரை நிற்கவில்லை.

கல்லல் தாண்டிக் கொஞ்ச தூரம். கருவேல மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு ஆடு ரோட்டில் குதித்தது. அதன் பின்னால் மொத்த மந்தையும். நான் பிரேக்கை முழுசாக மிதித்தேன். ஒன்றும் பெரிய வேகமில்லை. டயர் கிரீச்சிட்டது. வண்டி நின்றது. பாயசம் நிற்கவில்லை.

தூக்குச்சட்டி அத்தையின் இரண்டு கைகளையும் விட்டு, எனக்கும் மனைவிக்கும் நடுவில் பறந்து வந்து டேஷ்போர்டில் மோதியது. மூடி எங்கோ போயிற்று. கியரில் சேமியா தொங்கியது. அத்தை என் சீட்டின் முதுகில் தோள் இடிக்க வந்து விழுந்தார்.

நான் திரும்பி மகளைத்தான் பார்த்தேன். இருக்கையின் முதுகுதான் தெரிந்தது. இறங்கி ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். உள்ளே அவள் கன்னத்தில் ஒட்டிய ஒரு முந்திரியை எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், “இன்னும்,” என்று கை நீட்டினாள்.

அங்கேயே ரோட்டோரமாக உட்கார்ந்துவிட்டேன். முன்பக்கம் திருப்பிக் கட்டிய அந்த நாள் மண்டைக்குள் வந்தது. அந்த மடியில் சட்டிக்குப் பதிலாக யார் இருந்திருக்கக்கூடும் என்ற நினைப்பும் வந்தது. மனைவி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். ‘நான் சொன்னேனே’ என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

அத்தைக்கு அடி ஒன்றும் பெரிதில்லை. தோளைத் தேய்த்துக்கொண்டார். பிறகு தெம்பு வந்துவிட்டது. “அது பாயசம். புள்ளையா இருந்தா விட்டிருப்பேனா?” என்றார். நான் கண்ணாடியில் வழிந்த பாயசத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் மறுபடி வண்டியில் ஏறியபோது, யாரும் சொல்லாமலே, ஈரப் பட்டின் மேல் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

அத்தைக்குப் பேத்தி பிறந்தாள். அடுத்த வருடம் ஒருநாள் என்னை நாட்டரசன்கோட்டைக்கு வரச்சொன்னார் அத்தை. மருமகன் குழந்தைக்கு இருக்கை வாங்கியிருந்தார், மாட்டத் தெரியவில்லை. நான் காருக்குள் குனிந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்ற மருமகன், “ஒரு வயசு ஆகப் போகுதுல்ல, முன்னால திருப்பியே மாட்டிறலாமே?” என்றார்.

“அப்படியெல்லாம் செஞ்சுறாதீக மாப்ள!” அத்தையின் குரல் உயர்ந்தது. “கழுத்து தாங்காது. சீட்டுல எடை, உயரம் போட்டிருக்கு பாருங்க. அது தாண்டுற வரைக்கும் இப்படித்தேன். இப்ப உள்ள பெத்தவங்களுக்கு இதெல்லாம் எங்க தெரியுது?”

“உங்களுக்கு யாரு சொன்னாக?”

“இதை ஒருத்தர் சொல்லணுமாக்கும்?” என்றவர், என் பக்கம் குனிந்தார். “நல்லா இறுக்குப்பா. நீ எப்பவுமே லூசாத்தேன் கட்டுவ.”

நான் இறுக்கினேன்.