புதுப் பெட்டியில் கேட்ட மூச்சு

எனக்கு எழுபத்து நாலு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். தேயிலைத் தூள் தயாரிக்கும் ஸ்டோரில் சல்லடை மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவள். சத்தம் லேசாக மாறினாலே கோளாறு என்று சொல்லிவிடுவேன்.

பிறகு ஹாலிஎல ஊரில் ஒரு வீட்டில் நான் சமைத்துப் போட்ட ஐயா மெலிந்த மனிதர். பாட்டுக் கேட்க உட்கார்ந்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துவிடுவார். காது மந்தமாகிறதோ என்று அவருக்குப் பயம். கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டைக் காதுக்குக் கேட்கும் ஒலியாக மாற்றித் தர ஒரு பெட்டி வைத்திருந்தார். குறை அந்தப் பெட்டியில்தான் என்று சொல்லிக்கொண்டு, அதைவிட உசத்தியான ஒன்றை வரவழைத்தார்.

வந்த அன்றே என்னைக் கூப்பிட்டார். "கேளுங்கம்மா, எவ்வளவு வித்தியாசம்!"

"நேத்துப் பாடுன மாதிரியேதாங்க ஐயா பாடுது."

கண்ணாடியை மாட்டிக் குனிந்து பார்த்தார். வயர் பழைய பெட்டியிலேயே இருந்தது. வாய்விட்டுச் சிரித்து, மாற்றிச் செருகினார்.

"இப்ப?"

"இப்ப அந்தம்மா பாடுறதுக்கு முன்னாடி மூச்சு இழுக்குறது கேக்குதுங்க."

சிரிப்பு நின்றது. அதே இடத்தை மூன்று தடவை போட்டார்.

"எனக்குக் கேக்கலையே," என்றார்.

பெட்டியைத் திருப்பி அனுப்புவார் என்று நினைத்தேன். அனுப்பவில்லை. அதன் பிறகு தினமும் என்னை எதிரே உட்காரச் சொல்வார். மூச்சு வரும் இடத்தில் நான் கையைத் தூக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றாமல் என் கையையே பார்த்துக்கொண்டிருப்பார். அப்போது அவர் முகம் மலரும். அவருக்கு என்ன கேட்டதோ, இன்றும் எனக்குத் தெரியாது.

பேத்தி, இங்கே வா. நான் எழுதிய இதை வாசித்துக் காட்டு. அவசரப்படாதே, நீ மூச்சு எடுப்பதும் எனக்குக் கேட்க வேண்டும்.